தூங்குமூஞ்சிப் பலகை

பெரியவர் ஒரு சணல் கயிற்றை மரத்தின் நடுவயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்தார். சுற்று முடிந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, கயிற்றை உருவி, இரண்டாக மடித்தார். மறுபடியும் இரண்டாக மடித்தார். நாலில் ஒன்றாகச் சுருங்கிய கயிற்றை அடிக்கோலில் வைத்துப் பார்த்துவிட்டு, "பதினெட்டு அங்குலம் தம்பி, நீளம் பத்தடி" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. காரைக்குடி மரவாடியில் கணக்கு எழுதிய என் தாய்மாமாவும் இப்படித்தான் கயிற்றை நாலாக மடிப்பார். அந்த நாலில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அச்சிட்ட அட்டவணையிலிருந்து மரக்கப்பல் போன துறைமுகங்களுக்கெல்லாம் பரவிய கணக்கு இது. பர்மிய மர வணிகத்தில் இன்றும் 'டன்' என்றால் ஐம்பது ஹாப்பஸ் கன அடிதான்.

பெரியவருடைய மரம் அந்தக் கணக்கில் இருபத்திரண்டரை கன அடி. ஆனால் உருண்டை மரத்தின் உண்மையான கன அளவு இருபத்தெட்டரைக்குச் சற்று மேல். இடையில் உள்ள ஆறு கன அடி, அறுக்கும்போது பட்டையோடு கழிகிற ஓரப் பலகைக்கும் தூளுக்கும் என்று முன்கூட்டியே தள்ளிவிடப்பட்ட பங்கு. அதற்கு விலை கிடையாது. அறுவை ஆலையில் வேலை பார்ப்பவர்கள் அடுப்பெரிக்க எடுத்துப்போவது அந்தப் பங்கைத்தான். சிறுவயதில் மாமாவின் மேசையருகே உட்கார்ந்து கேட்ட விஷயம். அதன் முழுப் பொருள் 2020 ஜனவரியில் லைங் தாயாவின் ஒரு கொல்லைப்புறத்தில்தான் எனக்கு விளங்கியது.

யாங்கோனில் அனவ்ரதா சாலையின் காளி கோயிலுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் எந்த வழியாக வந்தன என்று பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். கோயிலில் அறிமுகமான ஒருவர், "பழைய மரக் கதையை ஆற்றங்கரையில் தேடாதீங்க, எல்லாம் இடிச்சாச்சு. மரம் அறுக்கிற நம்ம ஆளு ஒருத்தரு லைங் தாயாவில இருக்காரு, வீட்டிலேயே மெஷின் வச்சிருக்காரு" என்றார். மறுநாள் காலை சூலே பகோடா அருகே பேருந்து பிடித்தேன்.

பாயின்னவுங் பாலத்தை நெருங்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் மூட்டை ஏற்றிய லாரிகள் நெருக்குகின்றன. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பாயின்னவுங் மொத்தச் சந்தைதான் பர்மாவின் பயறு வணிகத்துக்கு மையம். நம் இட்லிக்கு ஊறுகிற உளுந்தில் கணிசமான பகுதி இந்தச் சந்தையைத் தாண்டித்தான் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் வருகிறது. மரம் வந்த வழியில் இன்று உளுந்து வருகிறது. பாலத்துக்குக் கீழே லைங் ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடுகிறது. அக்கரையில் லைங் தாயா.

1989ஐ ஒட்டி ராணுவ அரசு யாங்கோனின் மேற்கே வயல்வெளியில் உண்டாக்கிய புதுநகர் இது. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களை முதலில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அடுத்து தொழிற்பேட்டை வந்தது, தையல் ஆலைகள் வந்தன. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தைப் புரட்டிப்போட்டபோது, செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,38,000 பேருக்கு மேல். நிலமும் மாடும் போன கழிமுகத்துக் குடும்பங்கள் பேருந்து ஏறி வந்து இறங்கிய இடமும் இதுதான். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த ஒரு நகரியத்தில் மட்டும் 6,87,867 பேர். அப்போது அந்த நாட்டின் நகரியங்களில் மக்கள்தொகையில் இதுவே பெரியது.

பேருந்திலிருந்து இறங்கி நடந்தால் ஒரே ஊரில் இரண்டு ஊர் தெரிகிறது. பான் லைங் ஆற்றோரம் மதில் சூழ்ந்த வீட்டுமனைகள், கோல்ஃப் மைதானம். இந்தப் பக்கம் வாய்க்கால்மேல் மூங்கில் கால் நட்டு, மூங்கில் தட்டியால் சுவர் வைத்து, நீர்ப்பனை ஓலை வேய்ந்த குடிசைகள். அவற்றின் தரையும் மூங்கில்தான். பிளந்து பரப்பிய மூங்கில்மேல் நடந்தால் காலுக்குக் கீழே சாக்கடை நீர் பளபளக்கிறது. குழந்தையின் கால் இடுக்கில் மாட்டாமல் இருக்கச் சிமெண்டுப் பையை விரித்திருக்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் தேக்கு அனுப்பிய நாட்டின் ஆலைத் தொழிலாளிக்குக் காலூன்ற ஒரு பலகை இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

பெரியவருக்கு அறுபத்தெட்டு வயது. லுங்கி, வெற்றிலைச் சிவப்பு, நெற்றியில் விபூதி. அக்கம்பக்கத்துப் பர்மியர்கள் அவரை 'சயா' என்று கூப்பிடுகிறார்கள், நாம் வாத்தியார் என்றும் மேஸ்திரி என்றும் சொல்கிற இரண்டு பொருளிலும். அவருடைய தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேஸ்திரி ஒருவர் பிடித்த கூட்டத்தோடு கப்பலேறி, ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் அறுவை ஆலையில் கட்டை தள்ளியவர். "நீங்க தமிழ் எங்கே படிச்சீங்க ஐயா?" என்றேன். "படிக்கலே தம்பி. திட்டு வாங்கித் தெரிஞ்சுக்கிட்டேன். எங்கப்பா தமிழ்லதான் திட்டுவாரு" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் அந்த இயந்திரம்.

முதலில் அதன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அறுவை மில்லில் ரம்பம் ஒரே இடத்தில் நிற்கும். மரம்தான் வண்டியில் ஏறி ரம்பத்திடம் போகும். அதற்கு மரத்தை லாரியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும், ஏற்றுகூலி இறக்குகூலி கொடுக்க வேண்டும், மில்லுக்காரர் எப்போது அறுப்பார் என்று காத்திருக்க வேண்டும். பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய சிறு மில்லில் மரம் அசையாமல் படுத்திருக்கும். இரண்டு சக்கரமும், அவற்றைச் சுற்றி ஓடும் ரம்பப் பட்டையும், எஞ்சினும் சேர்ந்த தலைப்பகுதி தண்டவாளத்தில் உருண்டு மரத்தின்மேல் போகும். திருகைச் சுற்றினால் தலை ஓர் அங்குலம் இறங்கும், மறுபடி தள்ளினால் இன்னொரு பலகை. முழுவதையும் நான்கு பேர் கழற்றி ஒரு சிறு டிரக்கில் போட்டு, மரம் விழுந்த வாசலுக்கே கொண்டுபோகலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணைக்காரர்கள் இத்தகைய மில்லைப் பல பத்தாண்டுகளாக வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

பெரியவரிடம் இருப்பது சீனத்திலிருந்து வந்த மலிவான ஒன்றின் எலும்புக்கூடு. ஏலத்தில் வாங்கும்போதே பெட்ரோல் எஞ்சின் செத்திருந்ததாம். அந்த இடத்தில் 'தோலாஜி'யின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்திருக்கிறார். வயலை உழுது, மாலையில் அதே எஞ்சினால் வண்டியும் இழுக்கிற கழிமுகத்து உழவு யந்திரம் தோலாஜி. ஒற்றைச் சிலிண்டர் என்பதால் அது குலுக்குகிற குலுக்கில் ரம்பம் அலையலையாக அறுத்தது. ஆறு மாதம் தூக்கமில்லை என்றார். கடைசியில் லாரி டயரை வெட்டி எஞ்சினுக்குக் கீழே நாலு மூலையிலும் மெத்தையாகக் கொடுத்ததும் அலை அடங்கியது.

ரம்பப் பட்டை ஓடும் சக்கரங்களை அவர் மாற்றிய விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தில் விரிசல் கண்டபோது, சின்ன காரின் இரண்டு சக்கரங்களை டயரோடு மாட்டியிருக்கிறார். காற்றடித்த டயரின் நடு முதுகு சற்று மேடாக இருக்கும் அல்லவா? ஓடுகிற பட்டை அந்த மேட்டை நோக்கித் தானாகவே ஏறி நடுவில் நிற்கும். உலகத்தின் பல மூலைகளில் வீட்டில் மில் கட்டுகிறவர்கள் இந்த உபாயத்தைக் கண்டடைந்திருக்கிறார்கள். இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படுக்கையின் நீளம் பன்னிரண்டடியாக இருந்ததை ஆங்கிள் இரும்பு ஒட்டி இருபதடியாக்கியிருக்கிறார், படகுக்காரர்கள் நீளச் சட்டம் கேட்கிறார்கள் என்று. ரம்பத்தில் பிசின் ஏறாமல் நீர் சொட்ட வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி சலைன் குழாய். சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன உருளைகூட அப்படியே இருக்கிறது. சோப்பு கரைத்த நீர் துளித்துளியாகப் பட்டைமேல் விழுகிறது.

அன்று படுக்கையில் கிடந்தது தூங்குமூஞ்சி மரம். அதைப் பர்மியர்கள் 'திம்போ கொக்கோ' என்கிறார்கள். கொக்கோ என்பது வாகை. திம்போ என்றால் கப்பல். கப்பலில் வந்த வாகை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து யாங்கோன் சாலைகளுக்கெல்லாம் குடை பிடிக்கிற மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. பப்பாளிக்கும் 'கப்பல் பழம்' என்றே பெயர். கப்பலில் வந்த தமிழர்களுக்கு அந்த ஊரில் வைத்த பெயர்களை யோசித்தேன். அவை இத்தனை அன்பானவை அல்ல.

மரம் தெருமுனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியுடையது. கழிமுகத்தில் லபுட்டா பக்கத்திலிருந்து நர்கிஸுக்குப் பிறகு வந்தவர். கடைக்கு நிழல் கொடுத்த மரம் போன மழைக்காலத்தில் சாய்ந்தது. விறகு வியாபாரி வந்து விறகு விலை சொன்னார். பெரியவர் போய்ப் பார்த்து, "விறகாக்காதே மகளே, தரை போடலாம்" என்று தடுத்திருக்கிறார். அறுப்புக்கூலியில் பாதி பணம், பாதி பலகை என்று பேச்சு.

எஞ்சின் பிடித்தது. மருமகன் ஹாண்டிலைச் சுழற்ற, புகை கக்கி, தகரக்கூரை அதிர்ந்தது. தலைப்பகுதியை இரண்டு கையாலும் நெஞ்சாலும் மெல்லத் தள்ளினார்கள். முதல் வெட்டு முதுகுப் பட்டையைக் கழித்தது. மரத்தைப் புரட்டி அடுத்த பக்கம். நாலு பக்கமும் கழித்துச் சதுரமானதும் சேகு தெரிந்தது: கருப்பட்டி நிறம், அதில் கறுப்பு ரேகைகள், ஓரத்தில் மஞ்சள் வெளிறல். தூள் மூக்கில் ஏறி எல்லோரும் தும்மினோம். தூங்குமூஞ்சியின் நார் ஒரு அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கு அந்தப் பக்கமுமாகப் பின்னியிருப்பதால் ரம்பம் முனகிக்கொண்டே போனது.

பாதியில் பெரியவர் கையை உயர்த்தினார். எஞ்சின் நின்றது. பலகையில் விரல் அகலத்துக்கு ஒரு நீலக்கறுப்புக் கறை. "ஆணி இருக்கு" என்றார். இரும்பு, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் மைபோலக் கறுக்கும். தெருவோர மரம் என்றால் விளம்பரத் தட்டி, கொடிக்கயிறு, விளக்குக் கொக்கி என்று ஐம்பது வருட இரும்பை விழுங்கியிருக்கும். உளியால் தோண்டினார். துருப்பிடித்த நான்கங்குல ஆணி ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆணியில் மோதினால் பட்டை ரம்பம் அறுந்து சாட்டையாக வீசும். அவருடைய இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

இடைவேளையில் அவர் ரம்பத்தின் பல்லை அரத்தால் தீட்டினார். ஒரு பல் இடப்பக்கம், ஒரு பல் வலப்பக்கம், ஒரு பல் நேராக. இந்த விரிப்பு ஒரு மயிரிழை கூடினாலும் தூள் கூடும், பலகை குறையும். நான் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அடி கனச் சட்டத்தில் ஓர் அங்குலப் பலகை எடுத்தால், இரண்டு மில்லிமீட்டர் தின்கிற பட்டை ரம்பத்தில் பதினொரு பலகை கிடைக்கும். ஒன்பது மில்லிமீட்டர் தின்கிற சங்கிலி ரம்பத்தில் ஒன்பதுதான். மீதம் இரண்டு பலகை தூளாகிப் பறந்துவிடும். ஒரு குடிசைக்கு இரண்டு பலகை என்றால், ஒரு குழந்தை படுக்கிற இடம்.

"எங்க தாத்தா காலத்துல ஆலை ஓரமா ஆளிழுப்பு வாளும் இருந்துச்சாம்" என்றார். சாரத்தில் ஏற்றிய கட்டையின்மேல் ஒருவர், கீழே குழியில் ஒருவர். கீழே நிற்பவன் கண்ணில்தான் தூள் விழும். எங்கள் கிராமத்திலும் வேம்பு சாய்ந்தால் இப்படி ஒரு ஜோடி வந்து, கரிநூல் அடித்து, நாலு நாள் தங்கி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மரத்திடம் வாள் போவது எங்களுக்கும் பழைய வழக்கம்தான். இடையில் நீராவி ஆலை வந்தபோது மரம் ஆலைக்குப் போகத் தொடங்கியது, பிறகு மரம் வீடு திரும்பவே இல்லை.

பர்மாவில் அது திரும்பாமல் போன கதை நீளமானது. மன்னர்கள் காலத்திலேயே தேக்கு அரசருக்குச் சொந்தமான மரம். 1856இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ், எந்த மரத்தை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று எண்ணிக் கணக்கெடுக்கும் முறையை வகுத்தார். இந்தியக் காடு நிர்வாகத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது. வெட்டுவதற்குச் சுமார் மூன்று ஆண்டுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றி வளையமாகக் கொத்தி, நின்றபடியே சாகவிடுவார்கள். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது, காய்ந்தால்தான் மிதக்கும். யானை இழுத்து ஓடையில் தள்ள, ஓடை ஆற்றில் தள்ள, தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரும். பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு மன்னர் தீபா விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்து 1885இல் பிரிட்டன் போர் தொடுத்து மேல்பர்மாவையும் எடுத்துக்கொண்டது. ஒரு நாடு பறிபோனதற்கு மரக்கட்டைக் கணக்கு காரணமாயிற்று.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நான் தடவிப் பார்த்த தூண்கள் இந்த வழியில் வந்தவை. அவற்றின் வழவழப்பில் எனக்குப் பெருமை இருந்தது. பெரியவரின் தாத்தாவைப்போன்றவர்கள் ஆலையில் தள்ளிய கட்டைகள் அவை என்று அங்கே உட்கார்ந்து கேட்ட பிறகு, அந்தப் பெருமையை முன்போல் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1964இல் எல்லாம் தேசியமயமானபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். இவர் குடும்பம் ஏறவில்லை. "கப்பல் கூலி கொடுத்துப் போயி அங்க யாரு வீட்ல நிக்கிறது?" என்று அவருடைய அப்பா கேட்டாராம்.

வாசலில் ஒரு தேக்குக் கன்று நின்றது. ஆறேழு வருடம் இருக்கும். 1992 வனச் சட்டப்படி அந்த நாட்டில் எங்கே தேக்கு நின்றாலும் அது அரசின் சொத்து, உன் வீட்டுக் கொல்லையில் நின்றாலும். 2018இல் வந்த புதிய சட்டம்தான் ஒருவர் தாமே நட்டு வளர்த்த மரத்துக்கு உரிமை கொண்டாட வழிவிட்டது. "இது இனிமே என் மரம்" என்று அதன் இலையைப் பிடித்துக் காட்டினார். அது அறுப்புக்கு வரும்போது அவர் இருக்கமாட்டார். அது அவருக்கும் தெரியும்.

இந்த இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நான் புகழவில்லை. இதே மில்லை டிரக்கில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோக முடியும் என்றால், காட்டுக்கும் கொண்டுபோக முடியும். 2010க்கும் 2015க்கும் இடையில் மியான்மர் ஆண்டுக்கு 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்ததாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது. பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த இடம். 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2016இல் ஒரு வருடம் நாடு முழுக்க வெட்டு நிறுத்தப்பட்டது; பெகு யோமா மலைத்தொடருக்குப் பத்து வருடத் தடை. தடை இருந்தும் காட்டுக்குள் வாள் சத்தம் ஓயவில்லை. பெரியவரிடம் இதைக் கேட்டேன். டீத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டு வந்தாங்க தம்பி, ரெண்டு தடவை. நல்ல காசு. இது வீட்டு மெஷினு, காட்டு மெஷினா ஆக்கிப்புட்டா எனக்குத் தூக்கம் வராதுன்னு சொல்லிட்டேன்." இடித்த வீட்டின் பழைய உத்திரங்கள், காற்றில் சாய்ந்த தெரு மரங்கள், படகின் கழிவுச் சட்டங்கள், இவைதான் அவருடைய வேலை. பழைய உத்திரத்தில் சிலசமயம் 'பியின்கடோ' கிடைக்கும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் இருள் மரத்துக்கு நெருங்கிய சொந்தம், ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கட்டையாகப் போன இரும்பு மரம். அதை அறுத்தால் ஒரு மரத்துக்கு மூன்று முறை பல் தீட்ட வேண்டுமாம்.

மாலைக்குள் பலகைகள் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு பலகைக்கும் இடையில் விரல் கனக் குச்சி, காற்று ஊடுருவ. முனைகளில் மிச்சமான பெயிண்ட் பூசினார்கள், வெடிக்காமல் இருக்க. தூங்குமூஞ்சி காயும்போது அதிகம் சுருங்காத நல்ல மரம். ஆனாலும் அவசரப்படக் கூடாது, மழைக்கு முன் தரை போட்டால் போதும் என்றார்.

மழை வந்தது. அதற்கு முன் ஊரே முடங்கிய பெருந்தொற்றும் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி, ராணுவ ஆட்சியை எதிர்த்து லைங் தாயாவின் தொழிலாளர்கள் தெருவில் நின்றபோது, படைகள் சுட்டதில் குறைந்தது 65 பேர் இறந்தார்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. அன்றிரவே அங்கே ராணுவச் சட்டம். நான் நடந்த அதே பாலத்தடி, அதே சாலை. காளி கோயில் நண்பர் மூலம் ஆறு வாரம் கழித்து ஒரு வரிச் செய்தி வந்தது: எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார். தேநீர்க்கடைப் பெண்மணியின் வீட்டில் தரை போட்டாயிற்றா என்று கேட்டு எழுதினேன். போட்டாயிற்று என்றது அடுத்த வரி.

மரம் அறுத்த அன்று மாலை நான் கிளம்பும்போது, படுக்கைக்குக் கீழே குவிந்திருந்த தூளைப் பெரியவரின் மகள் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தகர டப்பாவின் நடுவில் கண்ணாடிப் புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டுக் கையால் இறுக்கினார். அடியில் பக்கவாட்டில் ஒரு துளை. புட்டியைத் திருகி மெல்ல உருவினார். நடுவில் புகைபோக்கிபோல ஓட்டை நின்றது. என் அத்தை காரைக்குடிக்கு மேற்கே ஒரு வீட்டில் எண்பதுகளில் செய்த அதே மரத்தூள் அடுப்பு, அதே கைப்பக்குவம். சுள்ளியைப் பற்றவைத்துத் துளையில் செருகினார். இரண்டு மணி நேரம் ஊதாமல் எரியும் என்று பர்மிய மொழியில் சொல்லி, இரண்டு விரலைக் காட்டினார். அடுப்பின்மேல் உளுந்தங்கஞ்சிப் பானை ஏறியது.